இந்த வீட்டுக்கு ஒரே கடன்

என் அண்ணனை டாக்டர் படிப்புக்கு அனுப்பியது ஒரு பேனர்தான். வீட்டில் இதைச் சொன்னால் அம்மா இன்னமும் முறைப்பார். முறைத்தால் முறைக்கட்டும், நடந்தது அதுதான்.

பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்து அண்ணன் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது முதல் விருப்பமாக மருத்துவத்தைப் போடச் சொன்னார் அப்பா. போட்டான். கிடைத்ததென்னவோ கணிதம். அப்பாவின் முகம் தொங்கிப் போனது. அண்ணனின் முகம் தொங்கவில்லை. கடை ரசீதின் பின்பக்கத்தில்கூட எதையாவது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற ஆள் அவன். கணிதம் என்றதும் உள்ளுக்குள் அவனுக்குக் குஷிதான். அப்பா வருத்தப்படுகிறாரே என்று காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கடிதமும் வந்தது. செமிலிங் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு, "சும்மா போட்டு வைப்போம்" என்று அப்பா போட வைத்த விண்ணப்பத்துக்குப் பதில். இடம் தருகிறோம் என்றிருந்தது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். வேலையிலிருந்து வந்தவர், குளிக்காமல்கூடக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். எல்லோரும் முதல் பக்கத்தைத்தான் படித்தோம். கட்டணம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பாடாங் செராய் கடைவரிசையின் கோடியில் காடி, அதாவது கார், கழுவும் கடை வைத்திருக்கிறார். நல்ல மனசு, அவசரக் குடுக்கை. எங்கள் ஊரில் எதற்கும் பேனர் உண்டு. பிறந்தநாள், காதுகுத்து, கோயில் திருவிழா, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் விளக்குக் கம்பங்களுக்கு நடுவே கட்டப்பட்டுக் காற்றில் ஆடும். கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட மாமா, அண்ணனின் பள்ளிக்கூடப் படம் ஒன்றைக் கூலிமில் உள்ள பேனர் கடைக்கு வாட்சப்பில் தட்டிவிட்டார். மறுநாள் சாயங்காலம் முச்சந்தியில் பேனர் தொங்கியது. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்ட யாரோ ஒருவரின் உடம்பு, அதன் மேல் என் அண்ணனின் தலை. கழுத்து கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. எங்கள் மண்ணின் வருங்கால டாக்டரை வாழ்த்துகிறோம் என்று எழுதி, அதைவிடப் பெரிய எழுத்தில் மாமாவின் கடைப் பெயரைப் போட்டிருந்தார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் இன்னும் சரின்னே சொல்லலியே" என்றான்.

எனக்கு அதற்கும் சிரிப்புதான் வந்தது.

அம்மா இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதற்குள் பேனரை ஊரே பார்த்துவிட்டது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் காய்கறி வாங்கப் போன அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோயிலில் அண்ணன் பெயருக்குத் தனி அர்ச்சனை நடந்தது. பழைய தோட்டத்துக்காரர்கள் பாலிங்கிலிருந்தெல்லாம் போன் போட்டார்கள். இதற்குப் பிறகு, காசில்லை, அனுப்ப முடியாது என்று சொன்னால் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? மற்றவர்களின் கடன் வங்கியில் தொடங்கும். எங்களுடையது முச்சந்தியில் தொடங்கியது.

அம்மா கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். காசு விஷயத்தில் அவரிடம் யாருடைய பாச்சாவும் பலிக்காது. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டு அப்பாவைக் கேட்டார்.

"இது என்னா நம்பர்னு பாத்தீங்களா?"

"எல்லாரும் கடன் வாங்கித்தான் லா படிக்க வைக்கிறாங்க. வீட்டு கிராண்ட வச்சா பேங்க்ல கொடுப்பான்."

"வீட்டுல கை வச்சீங்க, நான் இருக்க மாட்டேன்."

அம்மா சும்மா மிரட்டவில்லை. அவர் வளர்ந்த லைன் வீடுகளைத் தோட்டம் கைமாறியபோது இடித்துத் தள்ளினார்கள். அதன் பிறகு வாடகை வீடுகளில் அலைந்து, தாமான் என்கிற குடியிருப்பில் மலிவு விலை வீடு ஒன்றை வாங்கி, தவணை கட்டி முடித்து மூச்சுவிட்டிருந்தோம். கிராண்ட் என்று நாங்கள் சொல்லும் அந்த வீட்டுப் பத்திரம், அம்மாவின் அலமாரியில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அதை யாரும் தொட முடியாது.

வேண்டாம் என்றும் அம்மாவால் சொல்ல முடியவில்லை. அவரையும் தொழிற்சாலையில் 'டாக்டர் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதனால் கடனை எவ்வளவு குறைக்கலாம் என்று யோசித்தார். அரசாங்கக் கல்விக் கடனைக் கட்டணத்துக்கு மட்டும் வாங்குவது, சாப்பாட்டுச் செலவுக்கென்று தருகிற பகுதி வேண்டாம். மீதிக் கட்டணத்துக்கு அப்பாவின் சேமநிதியில் படிப்புக்காக எடுக்க விடுகிற பங்கு. அதையும் மொத்தமாக எடுக்காமல் பருவத்துக்குப் பருவம்தான் எடுக்க வேண்டும் என்றார். "மொத்தமா எடுத்தா மொத்தமா போயிரும்" என்பது அவர் வாதம். அண்ணன் விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்தே மோட்டாரில் போய்வர வேண்டும். புத்தகமெல்லாம் மூத்த மாணவர்களிடம் பழசாக வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கோட்டைக் கல்லூரிக் கடையில் வாங்காமல் அவரே தைத்துத் தருவார்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார். "இந்த வீட்டுக்கு ஒரே கடன். இன்னொரு கடன்னு யாரும் எங்கிட்ட வரக்கூடாது."

அவன் தங்கச்சி நான், அப்போது ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டம் என் தலையில்தான் விழுகிறது என்று அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் டாக்டராக வேண்டும் என்று ஆசை இருந்தது. சின்ன ஆசை இல்லை, நன்றாக வேரூன்றிய ஆசை. அம்மாவிடம் ஒரு தடவை, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "படி, பாப்போம்" என்றார். அப்பாவிடம் நான் சொன்னதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை.

அண்ணன் போய்வர ஆரம்பித்தான். விடியும் முன்பே மோட்டார் கிளம்பும். சுங்கை பட்டாணி நெரிசலைத் தாண்டி செமிலிங் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் மழையில் நனைந்தபடி திரும்பி வருவான். சாப்பிட்டதும் தூங்கிவிடுவான். அவன் மேசையில் மூடிவைத்துப் போன புத்தகங்களை நான் எடுத்துப் படிப்பேன். எலும்புகளின் படங்கள், இதயத்தின் குறுக்குவெட்டுப் படம். பாதி புரியாது. புரியாததே ஒரு சந்தோஷமாக இருக்கும்.

முதல் வருடத்திலேயே ஊர் அவனிடம் வைத்தியம் கேட்கத் தொடங்கிவிட்டது. முட்டி வலிக்கு என்ன மாத்திரை என்று அடுத்த வீட்டு அக்கா வந்து நிற்பார். "நான் இப்பத்தாங்க்கா சேந்திருக்கேன்" என்றால், "பரவால்ல சொல்லுங்க டாக்டர்" என்பார். நாங்கள் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவன் காது சிவந்துபோகும்.

இரண்டாம் வருடம் மாமாவும் அப்பாவும் சேர்ந்து பிரியாணி டிக்கெட் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கோயில் மண்டபத்தில் அண்டா வைத்துச் சமைத்து, பொட்டலம் கட்டி, டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கொடுத்து, மிஞ்சுவதைப் படிக்கிற பிள்ளைக்குக் கட்டணமாகக் கட்டுவார்கள். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. கடனைக் குறைக்கத்தானே என்று அப்பா வாயை அடைத்துவிட்டார். அண்ணன், அம்மா தைத்த வெள்ளைக் கோட்டோடு மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தன் கையால் பொட்டலம் கொடுக்க வேண்டும் என்பது மாமாவின் ஏற்பாடு. கொடுத்தான். வாங்கிய பெரியவர்கள் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்கள். ஒரு கிழவி, "நான் சாவுறதுக்குள்ள நீ ஊசி போட்டுடணும்யா" என்றாள். நல்ல கூட்டம். ஒரு பருவத்துக் கட்டணத்தில் பெரும்பகுதி அன்றே வந்துவிட்டது. அன்றைக்கு எல்லோரையும்விடக் களைத்துப் போயிருந்தவன் அண்ணன்தான். வெயில் என்று நினைத்தேன்.

என் முறை வந்தது. என் தேர்ச்சி அண்ணனுடையதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆறாம் படிவம் போகாமல் அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு மனுப் போட்டேன். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே மாத அலவன்ஸ் உண்டு, முடித்தால் வேலை. அம்மாவின் சட்டத்துக்குள் அடங்கிய ஒரே ஆஸ்பத்திரி அதுதான். கிடைத்த அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, சீருடைக்கு அளவு கொடுக்கப் போனேன்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நோயாளியின் கையில் முதல் முறையாகச் சரியாக ஊசி ஏறியபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனாலும் டாக்டர் மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பாடம் கேட்கும்போது, டிரேயைத் தூக்கிக்கொண்டு நகர மனம் வராது. பொறாமைதான், வேறென்ன. அலவன்ஸில் ஒரு பங்கை அண்ணனுக்கு அனுப்பிக்கொண்டே பொறாமைப்பட்டேன். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் அவன் வீட்டிலிருந்து போய்வர முடியவில்லை. நண்பர்களோடு அறை எடுத்தான், என் காசு அந்த வாடகைக்குப் போனது.

பயிற்சி முடித்து எனக்குப் பாலிங்கில் வேலை கிடைத்தது. வேலை நிரந்தரமான கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா நான் தங்கியிருந்த வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு தட்டு. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையில் ஒரு வங்கி விண்ணப்பப் பாரம்.

அப்பா வளர்ந்த தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாரிடமாவது ஜாமீன் கேட்கப் போனால் வெறுங்கையோடு போக மாட்டார்கள். பெண் கேட்கப் போவதுபோல் தட்டோடு போவார்கள். தட்டைக் கைநீட்டி வாங்கிக்கொண்டால் சம்மதம். வாங்காமல் "உட்காருங்க, கோப்பி குடிங்க" என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் வீட்டுக்கு இப்படித் தட்டு வருவதை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். பெற்ற மகளிடம் தட்டு நீட்டிய அப்பாவை அன்றுதான் பார்த்தேன்.

"என்னாப்பா இது? நான் என்னா வெளி ஆளா?"

"கையெழுத்து கேக்குறப்ப அப்படித்தாம்மா கேக்கணும்."

சேமநிதியில் எடுக்க விடுகிற பங்கு தீர்ந்துவிட்டது. கடைசி வருடங்களின் கட்டணம் பாக்கி நின்றது. ஒரு வங்கி தர ஒத்துக்கொண்டது, ஆனால் நிரந்தர அரசாங்க வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் கட்டாமல் விட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். கடன் முடியும்வரை என் பெயரில் பெரிதாக வேறு கடன் எதுவும் வாங்க முடியாது. மேற்கொண்டு படிக்கலாம் என்று நான் வைத்திருந்த நினைப்பெல்லாம் அதோடு சரி.

"ஒரே கடன்னு அம்மா சொன்னாங்களே?"

"அவளுக்குத் தெரியும். என்னால வந்து கேக்க முடியாதுன்னு வீட்டுலயே இருந்துட்டா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைத் தட்டிவிட்டிருப்பேன். அப்பா தட்டை இறக்கவில்லை. லோரி ஸ்டீயரிங் பிடித்துத் தடித்துப்போன இரண்டு கைகளும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஏந்தி நிற்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் பட்டம் வாங்கினான். மாமா இன்னொரு பேனர் கட்டினார். இந்த முறை தலையும் உடம்பும் ஒரே ஆளுடையவை. அவனுக்கு வடக்கே ஒரு மருத்துவமனையில் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், வேலை கிடைத்தது, ஒப்பந்தத்தில். இனிமேல் சம்பளம் வரும், கடன் குறையும் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். முதல் சில மாதங்கள் தவணையை அவனே கட்டினான். அப்பா டீக்கடையில் கால் மேல் கால் போட்டு உட்காரக் கற்றுக்கொண்டார்.

அந்த வருடம் பள்ளி விடுமுறை தொடங்கிய சமயம், ஒரு நாள் மத்தியானம் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் பாலிங்குக்கு வந்தான். என் மருத்துவமனைக் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மெசேஜ் அனுப்பினான். போய்ப் பார்த்தால், சட்டைக்குள் ஆளைக் காணோம், அவ்வளவு இளைத்திருந்தான். முன்னால் ஒரு மைலோ ஆறிக்கொண்டிருந்தது.

"வேலைய விட்டுடட்டுமா?" என்றான்.

"ரொம்ப டயர்டா இருந்தா லீவு எடுண்ணே."

"லீவு இல்ல. விட்டுடட்டுமான்னு கேக்குறேன்."

"அத ஏன் எங்கிட்ட கேக்குற? அப்பாவப் போயிக் கேளு."

"சைன் வச்சது நீதான?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தங்கச்சி என்று வரவில்லை, ஜாமீன்காரி என்று வந்திருக்கிறான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அப்பாவின் சேமநிதியை, அம்மாவின் ஓவர்டைமை, என் அலவன்ஸை எல்லாம் சொல்லிக் காட்டினேன். கடைசியில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததும் வந்துவிட்டது.

"எனக்குக் கிடைக்காத படிப்புண்ணே அது."

"தெரியும்" என்றான். "நீதான் போயிருக்கணும். என் புக்க எடுத்து எடுத்துப் படிப்பியே, நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டுப் பாத்திருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன்.

"உனக்கு இது வேணாம்னு எப்பத் தெரிஞ்சிச்சி?"

"பேனர்ல என் தலையப் பாத்தப்பயே."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"எப்படிச் சொல்றது? எல்லாரும் பிரியாணி வேற வாங்கிட்டாங்க."

சிரிப்பு வர வேண்டிய பேச்சு. அவன் சிரிக்கவில்லை. அங்கே யாரும் தன்னைக் கொடுமைப்படுத்தவில்லை என்றான். மற்றவர்கள் தாங்குகிறார்கள், தன்னால் முடியவில்லை, நோயாளியின் முகத்தைப் பார்த்தாலே தப்பு செய்துவிடுவோம் என்று கை வேர்க்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றான். பிறகு மைலோவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, மழை வரும்போல் இருக்கிறது என்கிற தொனியில் இன்னொன்று சொன்னான்.

"காலைல மோட்டார்ல போறப்ப எதிர்ல லோரி வரும். ஒதுங்கணும்னே தோண மாட்டேங்குது."

இந்த மாதிரி வார்த்தையை வார்டில் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேசையில் இருந்த மோட்டார்ச் சாவியை எடுத்து என் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "செத்துரலாம்னு தோணுதாண்ணே?" என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதுதான் முறை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவனைத் தனியாக விடவில்லை. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா அவனோடு வெகுநேரம் பேசினார். மருந்து கொடுத்து, விடுப்புக்கும் எழுதித் தந்து, வீட்டில் சொல்லிவிடுங்கள், ஆள் கூடவே இருக்கட்டும் என்றார்.

மறுநாள் என் சின்னக் காடியில் அவனைப் பாடாங் செராய்க்குக் கூட்டி வந்தேன். வழி முழுக்கத் தூங்கினான். செம்பனை மரங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வரும்போது கடனைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். இனி ஒவ்வொரு மாதமும் என் சம்பளத்தில் எவ்வளவு போகும், எத்தனை வயது வரைக்கும் போகும் என்று கணக்குப் போட்டேன். நடுநடுவே திரும்பி, அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். அம்மாவுக்கு அன்று ஓய்வு நாள். அண்ணனைப் பார்த்ததும் அம்மா பதறிப்போய் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். பேசியது நான்தான். பேனரிலிருந்து லோரி வரைக்கும் அவனைப் பற்றிய எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா திட்டுவார், இல்லாவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இந்த வேலைலயே இருந்தா இவனுக்கு என்னா ஆவும்?"

"உசுருக்கே ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குப்பா."

"அப்ப வேணாம்" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருடப் படிப்பு, சேமநிதி, பிரியாணி, தட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில். யோசிக்கக்கூட இல்லை. அம்மா, "கடன்?" என்று தொடங்கினார். "ஆளு இருந்தா கட்டிக்கலாம். ஆளே இல்லன்னா?" என்றார் அப்பா. அண்ணன் அப்போதுதான் அழுதான், சின்னப் பிள்ளைபோல் சத்தம் போட்டு. எனக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் ஆத்திரமாகவும் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறவரிடம் நாங்கள் யாருமே ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லையே.

இன்றைக்கு அண்ணன் சுங்கை பட்டாணியில் ஒரு டியூஷன் நிலையத்தில் கணிதம் சொல்லித் தருகிறான். மருந்தும் டாக்டரைப் பார்ப்பதும் தொடர்கிறது. சிரிக்கிறான், சாப்பிடுகிறான். கடனில் பாதியை அவன் கட்டுகிறான், பாதியை நான் கட்டுகிறேன், வீடு அம்மா பெயரில் பத்திரமாக இருக்கிறது. அவனை இன்னமும் டாக்டர் என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவன் திருத்துவதில்லை.

ஆனால் அண்ணனைக் கூட்டி வந்த அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. அண்ணன் சாப்பிட்டுப் படுத்த பிறகு, மறுநாள் வேலைக்காக நான் பாலிங் திரும்பக் கிளம்பினேன். வாசலில் காடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். அம்மா எனக்குச் சோறு கட்டிய டிபன் கேரியரோடு கதவருகே, துணிக் கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"ஏம்மா, நீ என்னா படிக்க ஆசப்பட்ட?" என்று கேட்டார் அப்பா.

அந்தக் கேள்விக்கான பதிலை ஐந்தாம் படிவத்திலிருந்து வைத்திருந்தேன். முந்தின நாள்கூடக் கேன்டீனில் கத்தியிருந்தேன். அப்பாவைப் பார்த்தேன். ஒரே நாளில் அவர் தாங்கக்கூடியது எவ்வளவு என்று பார்த்தேன்.

"நர்ஸ்தாம்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது போதும்மா" என்றார். "ஒரு புள்ளையாவது ஆசப்பட்டதப் படிச்சிருக்கு."

அம்மா டிபன் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.